வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா?

கார் வைத்திருப்பவரிடம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் புள்ளி வைத்துப் பதில் வரும். டயருக்கு எப்போது காற்று பிடித்தார், அடுத்த சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில், இன்சூரன்ஸ் எந்த மாதம் முடிகிறது எல்லாம் விரல் நுனியில் இருக்கும். "வைப்பர் தண்ணி இருக்கா சார்?" என்று கேட்டால் மட்டும் ஒரு சின்ன யோசனை. "சர்வீஸ்ல ஊத்தியிருப்பாங்களே..." என்பார். அந்த சர்வீஸ் முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும்!

இதெல்லாம் ஒரு விஷயமா, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் காரில் இருக்கும் பாதுகாப்புச் சாதனங்களில் இதைவிட மலிவானது எதுவும் கிடையாது. ஏர்பேக்கைச் சரிபார்க்க ஓட்டுபவரால் முடியாது. பிரேக்குக்கு மெக்கானிக் வேண்டும். வைப்பர் தண்ணீரைப் பார்க்க பானட்டைத் தூக்கத் தெரிந்தால் போதும், இரண்டு நிமிட வேலை. அப்படியும் மறந்து போகிறது என்றால் அதற்கு ஓட்டுபவரின் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. சொல்லித் தராத டிரைவிங் ஸ்கூலுக்கும், கேட்காத லைசென்ஸ் தேர்வுக்கும் அதில் பங்கு உண்டு.

தினமும் துடைக்கிறோமே, போதாதா?

காலையில் காரைத் துடைப்பது நம் ஊரில் ஒரு சடங்கு மாதிரி. ஒரு வாளித் தண்ணீர், ஒரு மஞ்சள் துணி. வாட்ச்மேனோ, டிரைவரோ, வீட்டுப் பையனோ துடைத்து முடித்தால் முன்கண்ணாடி பளபளவென்று இருக்கும். அதனால் "கண்ணாடி சுத்தமாகத்தானே இருக்கு" என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது.

பிரச்சினை என்னவென்றால், கண்ணாடி அழுக்காவது ஷெட்டில் நிற்கும்போது இல்லை. ஓடும்போது. ஓடிக்கொண்டிருக்கும் காரின் கண்ணாடியை மஞ்சள் துணியால் துடைக்க முடியாது. அதற்கு இருப்பது வைப்பரும் அந்தத் தண்ணீரும்தான்.

மழை கொட்டும்போது வைப்பர் தண்ணீர் தேவையில்லை. மழையே கழுவிவிடும். மழை விட்ட பிறகு வரும் அரை மணி நேரம்தான் மோசம். மேலே இருந்து ஒரு சொட்டு விழாது, கீழே ரோடு முழுக்க ஈரம். முன்னால் போகும் லாரியின் சக்கரம் சேற்றுத் தண்ணீரைப் புகை மாதிரி கிளப்பிக்கொண்டே போகும். அது கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டும். டிரைவர் வைப்பரைப் போடுவார். தண்ணீர் இல்லை என்றால், தோசைக்கல்லில் மாவை இழுத்த மாதிரி அந்தச் சேறு கண்ணாடி முழுக்கப் பரவும். ஒரு ஓரத்தில் இருந்த மறைப்பு இப்போது கண்ணுக்கு நேராக வந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். கண்ணாடி மூன்று வினாடி மறைத்தால் கார் 66 மீட்டரை ஏறக்குறையக் கண்ணைக் கட்டிக்கொண்டு கடக்கிறது. அந்த 66 மீட்டருக்குள் இண்டிகேட்டர் போடாமல் நிற்கும் டிராக்டரோ, குறுக்கே வரும் மாடோ, ரோட்டைத் தாண்டும் பள்ளிக்கூடப் பிள்ளையோ இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது வெயில். சாயங்காலம் சென்னையில் இருந்து வேலூர் பக்கம் காரில் போனவர்களுக்குத் தெரியும். ரோடு மேற்கு நோக்கிப் போகிறது, சூரியன் நேர் எதிரே இறங்குகிறது. பகல் முழுக்கக் கண்ணாடியில் படிந்த தூசி, நிழலில் கண்ணுக்கே தெரியாது. வெயில் நேராக அடிக்கும்போது அந்தத் தூசி ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும், கண்ணாடி மொத்தமும் வெள்ளைத் திரை ஆகிவிடும். ராத்திரியில் எதிரே வரும் லாரியின் ஹைபீம் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது ஈசல். மழை பெய்த மறுநாள் இருட்டும் நேரத்தில் ஹெட்லைட்டைத் தேடி வந்து கண்ணாடியில் மோதிச் சாகும். அதை உலர்ந்த வைப்பரால் துடைத்தால் எண்ணெய் தேய்த்த மாதிரி ஒரு பிசுக்கு. அதற்கு வெறும் தண்ணீர்கூடப் போதாது. கடையில் விற்கும் வாஷர் திரவத்தைக் கலந்திருந்தால் இரண்டு முறை அடித்ததும் போகும்.

மண் கண்ணாடியைவிடக் கடினம்

தண்ணீர் இல்லாமல் வைப்பர் போடுவதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. தூசியில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரைக்குப் பக்கத்தில். அதாவது மணல் கண்ணாடியைக் கீறும். வைப்பர் ரப்பருக்கு அடியில் அந்த மணலை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

இப்படி விழும் கீறல் பகலில் தெரியாது. ராத்திரி எதிர் வண்டி வெளிச்சம் விழும்போது அரைவட்டக் கோடுகளாக மின்னும். லேசான கீறலைப் பாலிஷ் போட்டுப் பார்க்கலாம். ஆழமாக விழுந்துவிட்டால் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான், பல ஆயிரம் ரூபாய் செலவு. சில ரூபாய்த் தண்ணீரை மிச்சப்படுத்தியதற்கு இது பரிசு!

புதிய கார்களில் முன்கண்ணாடிக்குப் பின்னால், ரியர்வியூ கண்ணாடி பக்கத்தில் ஒரு கேமரா வருகிறது. லேன் மாறினால் எச்சரிக்கும், முன்னால் வண்டி நின்றால் தானே பிரேக் பிடிக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் கேமராவும் அதே கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. கண்ணாடியில் சேறு இருந்தால் மனிதனுக்கு வரும் கதிதான் அதற்கும்.

எப்படிப் பார்ப்பது, எப்படி ஊற்றுவது?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகியும் பானட்டைத் திறந்தே பார்க்காதவர்களுக்காக மட்டும்:

1. வண்டி சமதளத்தில், இன்ஜின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். பானட் லீவர் பெரும்பாலும் டிரைவர் பக்கத்து டாஷ்போர்டுக்குக் கீழே, கதவுப் பக்கம் இருக்கும்.

2. வாஷர் டேங்க் மூடியில் ஒரு படம் இருக்கும். கண்ணாடி வடிவம், அதன் மேல் நீரூற்று மாதிரி கோடுகள். மூடி நீலமாகவோ கறுப்பாகவோ இருக்கலாம். நிறத்தை நம்பாமல் படத்தைப் பார்க்க வேண்டும்.

3. பக்கத்திலேயே கூலன்ட் டேங்க் இருக்கும். அது வேறு. சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் மேலே அடிக்கும். பிரேக் ஆயில் டப்பாவும் வேறு, அதில் தண்ணீர் கலந்தால் பிரேக்குக்கே ஆபத்து. தவறி எதிலாவது ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

4. சில கார்களில் டேங்க் வெளியே தெரியும், அளவைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிலவற்றில் மூடியோடு ஒரு குச்சி வரும். டேங்க் பம்பருக்குள் ஒளிந்திருந்தால் அளவு தெரியாது. அப்படிப்பட்ட காரில் மாதம் ஒரு முறை கழுத்து வரைக்கும் ஊற்றிவிடுவதே சுலபம்.

5. ஊற்றியதும் லீவரை இழுத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை என்றால் நாசில் அடைப்பாக இருக்கலாம். மெல்லிய ஊசியால் மெதுவாகக் குத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் பயன்படுத்தாமலே காலியாகிறது என்றால் டியூபைக் கவனிக்கணும். பானட்டுக்குள் எலி குடியிருக்கும் ஊரில் இது சகஜம்.

தண்ணீர் வராதபோது லீவரை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பம்ப் காய்ந்த நிலையில் ஓடினால் கெட்டுப்போகும். இன்னொரு சின்ன விஷயம்: சிக்னலில் நிற்கும்போது அடித்தால் பக்கத்தில் நிற்கும் பைக்காரர் மேல் தெளிக்கும். அவர் திட்டினால் அது நியாயமான திட்டு.

எந்தத் தண்ணீர்?

இங்கேதான் நம் ஊர் சிக்கனம் காலை வாருகிறது. ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றும் வீடுகள் உண்டு. நல்ல எண்ணம்தான். பாத்ரூம் கழுவவும் தரை துடைக்கவும் பயன்படுத்தலாம். வாஷர் டேங்குக்கு மட்டும் ஆகாது. குடிநீரில் இருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரும் அப்படித்தான். வாளியின் அடியிலும் குழாய் முனையிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ஊசிமுனை அளவு இருக்கும் நாசிலில் படிந்தால் எத்தனை நாள் தாங்கும்? குடிக்கிற தரத்தில் இருக்கும் தண்ணீரே ஊற்றலாம். மொத்தமே இரண்டு மூன்று லிட்டரில் இருந்து ஐந்து லிட்டருக்குள்தான் பிடிக்கும்.

அடுத்தது ஷாம்பு பாக்கெட்டும் பாத்திரம் தேய்க்கும் திரவமும். இரண்டும் நுரைக்கும், கண்ணாடியில் பிசுக்கை விட்டுப் போகும். வெயிலில் காய்ந்தால் கோடு கோடாக நிற்கும். கூலன்ட் மிச்சமிருக்கிறது என்று அதை ஊற்றுவது அதைவிட மோசம், கண்ணாடி எண்ணெய்ப் படலம் ஆகிவிடும். வாஷர் திரவம் என்றே கடைகளில் கிடைக்கிறது. பாட்டிலில் சொன்ன அளவில் கலந்தால் போதும். ஒரு முறை டேங்க் நிறையப் பெட்ரோல் போடும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு தொகையே இல்லை.

வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கி வைப்பதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 2010-ல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் லீஜியோனேர் நோய் என்ற ஒரு வகை நிமோனியா பற்றி ஆராய்ந்தார்கள். திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றிய வாஷர் டேங்க் அந்த நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று தெரிய வந்தது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் அந்தக் கிருமி வளரும், தெளிப்பாக வரும்போது மூச்சோடு உள்ளே போகும். 2014-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் பள்ளிப் பேருந்துகளின் வாஷர் டேங்குகளிலும் அதே கிருமியைக் கண்டார்கள். இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு ஆய்வுகளை வைத்து ஊரைக் கூட்டக் கூடாது. ஆனால் திரவம் கலப்பதற்கு இது கூடுதலாக ஒரு காரணம்.

ஏன் மறந்து போகிறது?

பெட்ரோல் தீர்ந்தால் கார் நின்றுவிடும். இன்ஜின் ஆயில் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். பாட்டரி செத்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. வைப்பர் தண்ணீர் தீர்ந்தால் கார் ஜம்மென்று ஓடும்! தண்ணீர் குறைந்ததைச் சொல்லும் விளக்கு விலை கூடிய சில கார்களில் இருக்கிறது, மற்றவற்றில் பெரும்பாலும் கிடையாது. தேவைப்படும் வினாடியில்தான் அது இல்லை என்பது தெரிய வரும். அந்த வினாடியில் ஒன்றும் செய்ய முடியாது.

மின்சாரக் கார் வாங்குபவர்கள் "இனிமேல் ஆயிலும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று சந்தோஷப்படுகிறார்கள். இன்ஜின் ஆயில் இல்லை, உண்மைதான். வைப்பர் தண்ணீர் அதிலும் ஊற்றத்தான் வேண்டும். பானட்டைத் திறக்கவே காரணம் இல்லாத காரில் இது இன்னும் சுலபமாக மறந்து போகும்.

இதில் பாவப்பட்டவர் ஆக்டிங் டிரைவர். ஒரு நாள் கூலிக்கு வருவார். முன்பின் ஓட்டாத கார். குடும்பம் பின்னால் உட்கார்ந்து "சீக்கிரம் கிளம்புங்க, ராகுகாலம் வந்துடும்" என்று அவசரப்படுத்தும். பானட்டைத் திறந்து எல்லாம் பார்த்துக் கிளம்ப அவருக்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. விழுப்புரம் தாண்டி லாரி சேறு அடித்து, லீவரை இழுத்துத் தண்ணீர் வராவிட்டால் அவர்தான் தடுமாற வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் கேஸும் அவர் மேல், கெட்ட பெயரும் அவருக்கே. டேங்கைக் காலியாக வைத்திருந்த ஓனர் பெயர் எங்கேயும் வராது. காரை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது சாவியோடு நிறைந்த வாஷர் டேங்கையும் கொடுப்பது ஓனரின் கடமை என்று சொன்னால் அதில் என்ன தப்பு?

கேட்கிற தேர்வு, கேட்காத தேர்வு

வைப்பருக்கு அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி காப்புரிமை வாங்கியது 1903-ல். துடைப்பான் மட்டும் இருந்தால் போதாது, கழுவவும் வழி வேண்டும் என்பதைச் சட்டம் ஏற்க வெகுகாலம் ஆனது. அமெரிக்காவின் 104-ம் எண் வாகனப் பாதுகாப்புத் தரம் 1968-ல் அமலுக்கு வந்தபோது அதன் தலைப்பிலேயே துடைப்பதும் கழுவுவதும் சேர்ந்திருந்தன.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கார் வாங்கி மூன்று வருஷம் ஆனதும் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற சோதனை உண்டு. வாஷரில் இருந்து போதிய நீர் வந்து கண்ணாடியைக் கழுவாவிட்டால் கார் தேர்ச்சி பெறாது. டிரைவிங் தேர்வில் 2017 டிசம்பரில் இருந்து, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைச் செய்து காட்டச் சொல்கிறார்கள். முன்கண்ணாடியைத் தண்ணீர் அடித்துத் துடைத்துக் காட்டுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு, கை தடுமாறாமல் அந்த லீவரைக் கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். எவ்வளவு நல்ல கேள்வி!

இங்கே நிலைமை என்ன? 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் டிரைவிங் ஸ்கூலுக்கு என்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. வண்டிப் பராமரிப்பும் அதில் ஒரு பகுதி. ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் கிளட்ச், கியர், ரிவர்ஸ், கை சிக்னல், அப்புறம் தேர்வு நாள். பானட்டைத் திறக்காமலே கோர்ஸ் முடிந்துவிடும். சொந்தக் கார் என்றால் பதிவு செய்து 15 வருஷம் கழித்துப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனை வரும். அதுவரை அந்த டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று அதிகாரபூர்வமாக யாருமே பார்க்க மாட்டார்கள்.

2023 அக்டோபரில் பாரத் என்கேப் தொடங்கியதில் இருந்து கார் வாங்குபவர்கள் எத்தனை ஸ்டார் என்று கேட்கிறார்கள். நல்ல மாற்றம். மோதிய பிறகு உயிரைக் காப்பாற்றும் தரத்துக்கு அதில் பெரிய மதிப்பு. மோதாமல் இருக்க ரோடு தெரிய வேண்டும் என்ற பால பாடத்தையும் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும். லைசென்ஸ் தேர்வில் "வைப்பர் தண்ணீர் எங்கே ஊற்றுவது, காட்டுங்க" என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். ஒரு ரூபாய் செலவில்லை. தேர்வில் கேட்பதைத்தான் நம் ஊரில் சொல்லித் தருவார்கள். பரீட்சை எழுதிப் பழகிய மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மறுப்புகளும் பதில்களும்

"சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறோம், நிறுத்தி ஊற்றித் துடைத்துக்கொள்வோம்" என்பவர்கள் உண்டு. இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் பாதுகாப்பாக நிறுத்தும் இடம் வரும்வரை மறைத்த கண்ணாடியோடுதான் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில், அதுவும் இருட்டில், நிற்கும் கார் என்பதே தனி ஆபத்து.

"பெட்ரோல் பங்கில் துடைத்துவிடுவார்கள்" என்பது அடுத்தது. துடைக்கிறார்கள், காலையில் இருந்து நூறு வண்டியைத் துடைத்த அதே துணியால். அதில் ஒட்டிய மணல் என்ன செய்யும் என்பது மேலேயே சொல்லியாகிவிட்டது.

"இத்தனை வருஷம் ஓட்டுறோம், ஒன்றும் ஆகலையே?" என்பது மூன்றாவது. ஹெல்மெட் போடாதவரும் இதையேதான் சொல்கிறார்.

ஆயுத பூஜை அன்று நம் ஊர்க் கார்களைப் பார்க்க வேண்டும். அலசிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து... வழியில் ஒன்றும் ஆகக் கூடாது என்ற வேண்டுதல்தான் அத்தனையும். அன்றைக்குக் கையில் ஏற்கெனவே தண்ணீர்க் குடம் இருக்கும். பானட்டைத் தூக்கி இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டால் அந்த வேண்டுதலில் மனிதன் செய்ய வேண்டிய பங்கும் முடிந்துவிடும். ஆயுத பூஜை வருஷத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, டேங்க் மாதம் ஒரு முறை காலியாகிறது. அதனால் மாதப் பிறப்பு, சம்பள நாள், கேஸ் சிலிண்டர் வரும் நாள் என்று மறக்காத ஏதாவது ஒரு நாளோடு இதையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இதைப் படித்து முடித்ததும் வீட்டுக் காரின் பானட்டை ஒருவராவது திறந்து பார்த்தால் சரி.